நான்கும் புது டயர்தான்

தேவின்
நவம்பர், வியாழக்கிழமை

அன்புள்ள யாசெனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே தேவினில் நானும் அப்பாவும் இருக்கிறோம், சாப்பிடுகிறோம், தூங்குகிறோம். அங்கே சிகாகோவில் நீயும் மருமகளும் குட்டியும் சளி காய்ச்சல் இல்லாமல் சுகமாக இருக்க வேண்டும். முக்கியமாக நீ நல்ல தெம்போடு இருக்க வேண்டும், ஏனென்றால் இந்தக் கடிதம் முழுக்க உனக்குத் திட்டுதான். அதைப் போனிலேயே திட்டித் தொலைக்கலாமே, எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் பேசினால் என்ன ஆகும் என்பதைத்தான் போன ஞாயிற்றுக்கிழமை பார்த்தாயிற்றே. குளிர்காலத்துக்கு ஊறுகாய் போடக் கோஸைப் பீப்பாயில் அடுக்கிக்கொண்டிருந்தேன், கை முழுக்க உப்பு, அதனால் அந்தக் கருமம் பிடித்த ஸ்பீக்கரைப் போட்டு மேஜைமேல் வைத்திருந்தேன். எதிரே உன் அப்பா உட்கார்ந்து கோஸ் வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் பக்கத்தில் இருந்தது எனக்குத் தெரியாதே என்று சொல்லாதே. அவர் அடுத்த அறையில் இருந்திருந்தாலும், பக்கத்து ஊரில் இருந்திருந்தாலும், பேசக்கூடிய பேச்சா அது?

நான் உன்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி. இன்னும் கோடை டயரில்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன், கீழ் அறையில் கிடந்த குளிர்கால டயரை உருட்டி வெளியே எடுத்துப் பார்த்தால் நான்கிலும் பட்டன் தேய்ந்து மொட்டையாகக் கிடக்கிறது, ஓரமெல்லாம் வெடிப்பு வேறு. போன வியாழக்கிழமை அப்பாவை டயாலிஸிஸுக்கு ஸ்மோலியான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகும்போது ஷிரோக்கா லக்கா ஊரைத் தாண்டி அந்த நிழல் வளைவில் உறைபனி, நான் ஸ்டியரிங்கை ஒரு பக்கம் திருப்புகிறேன், காரின் பின்பக்கம் அதுபாட்டுக்கு ஆற்றுப் பக்கம் போகிறது. அப்பா இரண்டு கையாலும் முன்னால் பிடித்துக்கொண்டார், ஊசி குத்துகிற கையையும் சேர்த்து. கடவுள் புண்ணியத்தில் நின்றது. நீ பதினெட்டுச் சக்கர லாரி ஓட்டுகிறவன், நாள் முழுக்க டயரோடு குடித்தனம் நடத்துகிறவன், எது வாங்கலாம் என்று சொல்லுடா என்று கேட்டேன். அதற்கு நீ சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல் இங்கே எழுதுகிறேன், உன் கண்ணாலேயே படித்துப் பார். "எதுக்கும்மா புதுசு? ஜெர்மனியிலேர்ந்து வர்ற பழைய டயரே போதும். அப்பா நெலம உனக்கே தெரியும். இந்த ஒரு குளிர்காலம் தாங்கினா சரி, அதுக்கப்புறம் நீ அந்த ரோட்ல போக வேண்டிய வேலையே இருக்காது" என்றாய். படித்தாயா? இன்னொரு தடவை படி.

அப்பாவின் கத்தி நின்றது. பிறகு மறுபடி வெட்ட ஆரம்பித்தார், எனக்குப் பிடித்த மாதிரி மெல்லிசாக. நீ அங்கிருந்து "ஹலோ, ஹலோ, லைன் இருக்கா?" என்று கத்துகிறாய். லைன் நன்றாகத்தான் இருந்தது மகனே. கடைசியில் அவரே போன் பக்கம் குனிந்து, "பையன் சொல்றது சரிதான், ஜெர்மன் ரப்பர் நல்லா உழைக்கும்" என்று சொல்லிவிட்டு, அங்கே குளிர் எப்படி, குட்டிக்குப் பல் முளைத்ததா என்று உன்னிடம் சாதாரணமாக விசாரித்தார். நீயும் பெருமூச்சு விட்டுப் பதில் சொன்னாய், எனக்குக் கேட்டது. அப்பா ஒன்றும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பாய். நீ போனை வைத்ததிலிருந்து இந்த வீட்டில் நடப்பது எனக்கல்லவா தெரியும். கால் சில்லிடுகிறதே, கம்பளிச் செருப்பு வாங்கலாம் வா என்றால் "இருக்கறதே போதும்" என்கிறார். திராட்சைக் கொடியை எப்போது கழிக்கப் போகிறாய் என்று கேட்டால் "அது கெடக்கட்டும் விடு" என்கிறார். விறகுக்காரன் வந்து அடுத்த வருஷத்துக்கும் சேர்த்து இப்போதே இறக்கிவிடட்டுமா, காய்ந்து நன்றாக இருக்குமே என்று கேட்டால், "இந்த வருஷத்துக்கு மட்டும் போடு" என்று அவனை அனுப்பிவிட்டார். டாக்டர் உன்னிடம் தனியாகப் போனில் என்ன சொன்னாரோ எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் வேண்டாம். என்னிடம் அவர் உப்பைக் குறை, தண்ணீரை அளந்து கொடு, ஒரு நாள்கூடத் தவறாமல் கூட்டிக்கொண்டு வா என்றுதான் சொன்னார். தவறாமல் கூட்டிக்கொண்டு போவதற்குத்தானடா நான் டயர் கேட்டேன்?

திங்கட்கிழமை காலையில் அவரே சட்டை மாற்றிக்கொண்டு, வா, பழைய டயர் பார்க்கப் போகலாம் என்று கிளம்பிவிட்டார். உன் புத்திமதியைத் தட்டக்கூடாதாம். ஊருக்கு வெளியே மர அறுவை மில்லுக்குப் பின்னால் கான்சோ என்று ஒருவன், ஜெர்மனியில் கழற்றிப் போட்ட டயரையெல்லாம் வேனில் அள்ளிக்கொண்டு வந்து மலையாகக் குவித்து வைத்திருக்கிறான், மேலே கருப்பு பாலிஷ் பூசி. பார்க்கப் பளபளவென்றுதான் இருக்கிறது. "அக்கா, இது ஒரு பாதிரியார் ஓட்டினது, ஞாயித்துக்கிழமை மட்டும்தான் வண்டிய வெளிய எடுப்பாராம்" என்கிறான். அந்தப் பாதிரியார் கல்குவாரியிலா பூஜை வைத்தார் என்று கேட்டேன், ஓரமெல்லாம் அப்படிக் கடிபட்டுக் கிடந்தது. நான் பள்ளிக்கூடச் சமையலறையில் காலம் தள்ளியவள், ரொட்டி பழசா புதுசா என்று விரலால் அழுத்தினாலே எனக்குத் தெரியும், இதில் நகத்தை வைத்து அழுத்தினேன், நகம்தான் மடங்கியது. பக்கவாட்டில் தயாரித்த வாரமும் வருஷமும் அச்சடித்திருப்பார்களே, அதைத் தேடினால் அந்த இடத்தைப் பார்த்துப் பாலிஷை அப்பியிருக்கிறான். துடைத்துப் பார்த்தேன். நம் குட்டி பிறப்பதற்கு முன்னால், உன் கல்யாணத்துக்கும் முன்னால் செய்த டயர். "ரப்பருக்கு என்ன அக்கா வயசு, பட்டன் இருக்கு பாருங்க" என்கிறான். பட்டன் இருந்து என்ன செய்ய, பனியில் அது மரக்கட்டை. ஒன்றில் குளிர்கால டயருக்கு இருக்க வேண்டிய பனி நட்சத்திரக் குறியே இல்லை, கோடை டயரைக் குளிர்கால டயர் என்று என் தலையில் கட்டப் பார்த்தான் படுபாவி.

அவனை நான் விட்டிருக்க மாட்டேன், ஆனால் அதற்குள் உன் அப்பா ஆரம்பித்துவிட்டார். நாலு பேர் டயர் உருட்டிக்கொண்டு நிற்கிற இடத்தில், "விடு வெலிகா, இதுவே போதும், எனக்காக எதுக்கு நீ புதுசு வாங்கிக் காச கரியாக்கற" என்றார். எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ. "உனக்காகவா? யார்யா உனக்காக வாங்கறது? ஸ்டியரிங்க புடிக்கறது யாரு? அந்த வண்டியில ரெண்டு பேர் உக்காந்திருக்கோம் மெத்தோதி! ஆத்துல விழுந்தா நீ மட்டும் தனியா விழுவியா? ஒன்ன எறக்கி விட்டுட்டு நான் கரையேறி வந்துடுவேனா?" என்று கத்தினேன். அங்கிருந்த ஒருவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான், சாவு வீட்டில் நிற்கிற மாதிரி, அவனையும் சேர்த்து ஒரு பிடி பிடித்தேன். இதைத்தான் உன்னிடமும் கேட்கிறேன் யாசென். அந்த ரோட்டில் அப்பா மட்டும்தான் போகிறாரா? நீ போட்ட கணக்கில் வண்டி ஓட்டுகிற அம்மா எங்கே போனாள்? ஒரு குளிர்காலம் தாங்கினால் போதும் என்றாயே, அது எனக்கும் சேர்த்துத்தானா? லாரியில் பழைய டயருக்கு ரீபட்டன் போட்டு ஓட்டுவார்கள், தெரியும். நாங்கள் என்ன உன் லாரியா?

கான்சோவை அங்கேயே விட்டுவிட்டு, அப்பாவைக் காரில் ஏற்றிக்கொண்டு நேரே ஃபிக்ரெத் கடைக்குப் போனேன். பெட்ரோல் பங்க் பக்கத்தில் டயர் மாற்றிக் கொடுப்பானே, பள்ளியில் உனக்கு இரண்டு வகுப்பு கீழே படித்தவன், அவன்தான். கடை வாசலில் கார்கள் வரிசை கட்டி நிற்கின்றன, முதல் பனி விழுந்ததும்தானே நம் ஆட்களுக்கு டயர் என்று ஒன்று இருப்பது நினைவுக்கு வரும். அப்பா கம்ப்ரஸர் பக்கத்தில் ஒரு பழைய சீட்டில் உட்கார்ந்துவிட்டார். ஃபிக்ரெத் கார்க் கதவு விளிம்பில் ஒட்டியிருக்கிற டயர் அளவைப் பார்த்தான், எந்த ரோடு, வாரத்தில் எத்தனை தடவை, எவ்வளவு விடியலில் கிளம்புவீர்கள் என்றெல்லாம் கேட்டான், வளைவில் வழுக்கினதையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "அக்கா, இந்த ரோட்டுக்கு ரொம்ப ஒசந்தது வேண்டாம், ரொம்ப மட்டமும் வேண்டாம், நடுவுல இருக்கறத எடுங்க, ஈர ரோட்ல பிரேக் நல்லாப் புடிக்கும். ஆனா ரெண்டு மட்டும் போடாதீங்க, நாலும் போடுங்க" என்றான். ரெண்டு போட்டால் எங்கே போடுவாய் என்று நான் சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டேன், பின்னால் என்றான். அவ்வளவுதான், சீட்டில் இருந்த மனுஷன் எழுந்துவிட்டார். "பின்னாலயா? இழுக்கறது முன் சக்கரம், புதுச முன்னாலதான் போடணும், நான் ஆயுசு முழுக்க அப்படித்தான் போட்டேன்" என்றார். "அதான் அண்ணே, ஆயுசு முழுக்க தப்பாவே போட்டுருக்கீங்க. முன்னால வழுக்கினா நேராப் போவீங்க, பின்னால வழுக்கினா சுத்திடும். போன வாரம் அக்காவுக்கு சுத்தப் பாத்தது அதான்" என்றான் அவன். இருவருக்கும் வாய்த்தகராறு பிடித்துக்கொண்டது. கம்ப்ரஸர் சத்தத்தையும் மீறிக் கத்துகிறார்கள், வரிசையில் நிற்கிறவர்கள் வண்டியை விட்டு இறங்கி வந்து ஆளுக்கொரு கட்சி சேருகிறார்கள். நான் இந்தச் சண்டையைக் கெடுக்கவில்லை. உன் அப்பா கோபப்பட்டு முகம் சிவந்து நான் பார்த்துப் பல நாளாயிற்று.

நாலும் புதுசு என்று நான் சொல்லி முடித்ததும் ஃபிக்ரெத் உள்ளே போய் நாலு டயரை உருட்டிக்கொண்டு வந்தான். அப்பா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். பார்த்துவிட்டு, "என்ன ஃபிக்ரெத், இதுல ரெண்டு போன வருஷத்துது. கடையிலயே ஒரு வயச தின்னுட்டு வந்து நிக்குது. எனக்கு வேண்டாம், இந்த வருஷத்துது கொண்டா, நாலும் ஒரே வாரத்துல செஞ்சதா இருக்கணும்" என்றார். ஃபிக்ரெத், "ஒரு வருஷத்துல ஒண்ணும் ஆகிடாது அண்ணே, இது இன்னும் அஞ்சு குளிர்காலம் ஓடும்" என்றான். "ஆறு குளிர்காலம் ஓடறது இருக்கறப்போ அஞ்ச ஏன் எடுக்கணும்?" என்று கேட்டார் உன் அப்பா. அந்தக் கம்ப்ரஸர் சத்தம் நல்லதாகப் போயிற்று. நான் கடைக்குப் பின்னால் போய், பழைய டயர் அடுக்கியிருக்கிற இடத்தில் நின்று நன்றாக அழுதுவிட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு வந்தேன். நான் வந்தபோது ஃபிக்ரெத் கோடவுனை முழுக்கக் கவிழ்த்து அவர் கேட்ட நாலையும் கொண்டுவந்து போட்டிருந்தான், அவனும் உன்னைப் போல ஒரு அம்மா பெற்ற பிள்ளைதான்.

பேலன்ஸ் பார்த்து, மாட்டி, நட்டெல்லாம் முறுக்கினான். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு மறுபடி வந்து முறுக்கிக்கொள்ளச் சொன்னான், நேற்று போய் முறுக்கிக்கொண்டு வந்தேன். இப்போது வண்டி ரோட்டில் ஒட்டிக்கொண்டு போகிறது, அந்த வளைவில் இன்றைக்குக் காலை பனி விழுந்து கிடந்தது, அப்பா கையைக்கூடத் தூக்கவில்லை, ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தார். அதனால் என் கோபம் போய்விட்டது என்று நினைக்காதே. அவர் உன்மேல் ஒரு சொல் சொல்லவில்லை, நான் பேச்சை எடுத்தாலும் "பையன் தூரத்துல கெடந்து கவலப்படறான், அவனுக்குப் பேசத் தெரியல" என்று எனக்கே சமாதானம் சொல்கிறார். அவர் பட வேண்டிய கோபத்தையும் சேர்த்து நான்தான் பட வேண்டியிருக்கிறது, எனக்கு வயிறெரிகிறது. உனக்குப் பேசத் தெரியாதா? சின்ன வயதில் ஊர் வாயை அடைத்தவன்தானே நீ. நீ இருக்கிற இடத்திலிருந்து பார்த்தால் அவர் ஒரு டாக்டர் சொன்ன சேதியாகத் தெரிகிறார். இங்கே அவர் தினமும் காலையில் எனக்கு முன்னால் எழுந்து, என் விரல் விறைக்கிறது என்று, கார் கண்ணாடியில் உறைந்ததைச் சுரண்டி வைக்கிற மனுஷன்.

இன்னொன்றும் நடந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். கழற்றின கோடை டயரை நான் வீட்டுக்கு எடுத்துப் போகலாம் என்றேன். உன் அப்பா வேண்டாம், இனிமேல் உன்னால் படியில் உருட்ட முடியாது, கடையிலேயே இருக்கட்டும் என்றார். கோடவுனில் வைப்பதென்றால் டயர்மேல் சாக்குக்கட்டியால் பேர் எழுதி வைப்பார்கள், எடுக்க வருகிறவர் பேர். ஃபிக்ரெத், "அண்ணன் பேரா, அக்கா பேரா?" என்று கேட்டான். அப்பா சாக்குக்கட்டியை அவன் கையிலிருந்து வாங்கி, குனிந்து, மூச்சு வாங்க நான்கிலும் உன் பேரை எழுதினார். "ஏப்ரல்ல பையன் வந்து மாத்திக் குடுப்பான்" என்றார். ஃபிக்ரெத் என் முகத்தைப் பார்த்தான். நான் வேறு எங்கோ பார்த்தேன்.

குட்டியை வெறுங்காலோடு தரையில் விடாதே. மருமகளிடம் நான் கேட்டதாகச் சொல், அவளிடம் எனக்கு ஒரு கோபமும் இல்லை. பனியில் லாரி ஓட்டும்போது தூக்கம் வந்தால் ஓரம் கட்டித் தூங்கு, யாருக்காகவும் அவசரப்படாதே. நீங்கள் மூன்று பேரும் நூறு வயது நன்றாக இருக்க வேண்டும், அதைக் கோபத்திலும் ஆண்டவனிடம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். கடைசியாக, நீ ஊருக்கு வர டிக்கெட் எடுக்கிற விஷயம். ஏப்ரலில் வருகிறேன் என்று போனில் அப்பாவிடம் சொல், அவர் காது குளிரக் கேட்கட்டும். ஆனால் நீ ஏப்ரல் வரை காத்திருக்காதே யாசென். டயர் அங்கேயே இருக்கும், ஓடிப் போகாது. நீ கிறிஸ்துமஸுக்கே வந்துவிடு.

உன்மேல் இன்னும் கோபமாக இருக்கும்,
உன் அம்மா,
வெலிகா