தண்ணீரைச் சுமந்த வண்டி

ஜூன் 12, 2024

கோயம்புத்தூர்க் கடைக்காரர் திருப்பி அனுப்பிய டீப் பெட்டிகள் இன்று வந்து சேர்ந்தன. போனில் சொன்னார்: "போன மாசம் நீங்க குடுத்தது தேனுங்க மேடம். இது புளிச்ச மாவு." கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் வலித்தது.

நானே வெந்நீர் ஊற்றிக் குடித்துப் பார்த்தேன். சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

எங்கே கெடுகிறது என்றும் தெரியும். சிறு தோட்டக்காரர்கள் பறித்த இலையைச் சாக்கில் அடைத்து ரோட்டோரம் வைக்கிறார்கள். எங்கள் வேன் ஊர் ஊராக ஏற்றிக்கொண்டு, அத்தனை மலை வளைவுகளிலும் இறங்கி ஏறி மஞ்சூரில் எங்கள் ஃபேக்டரிக்கு வருவதற்குள் சாக்குக்குள் சூடேறி இலை சிவந்துவிடுகிறது. சிவந்த இலையை வைத்துக்கொண்டு யார் என்ன வித்தை காட்ட முடியும்?

ஃபேக்டரி, ஃபேக்டரி என்கிறோம். பழைய உருளைக்கிழங்கு குடோன். நானும் எல்சாவும் பெரிய ஃபேக்டரி வேலையை விட்டுவிட்டு, அதில் ஓர் உருட்டு மெஷினை வைத்து எங்கள் பெயரிலேயே டீ விற்கக் கிளம்பியபோது ஊரே சிரித்தது. இந்தப் பெட்டிகளைப் பார்த்தால் இன்னொரு தடவை சிரிக்கும்.

ஜூன் 16

இவருக்கு இன்று டூட்டி இல்லை. பஸ் ஓட்டாத நாளில் மற்ற டிரைவர்கள் தூங்குவார்கள். என் தினகரன் படிப்பார். ஊட்டி பழைய புத்தகக் கடையில் இவர் கண்ணில் பட்டால் போதும், எந்தக் கம்பெனி எப்படி வளர்ந்தது என்ற புத்தகமெல்லாம் எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். கார் ஷெட்டில் பிறந்த கம்பெனி, திவாலாகி எழுந்த கம்பெனி. படிப்பதோடு விட மாட்டார். எனக்கும் சொல்லியாக வேண்டும்.

இன்று மேசை நாற்காலிக் கம்பெனி. "லதா, இதைக் கேளு. மேசைய முழுசா லாரில ஏத்துனா பாதி எடம் காத்துதானாம். கால கழட்டி அட்டப்பெட்டில போட்டுக் குடுத்துட்டான், வாங்கறவனே வீட்டுல பூட்டிக்கட்டும்னு. காசு குடுத்துக் காத்த எதுக்கு ஏத்தணும்னு கேட்டான் பாரு!"

கடுகு வெடித்துக்கொண்டிருந்தது. "நம்ம வேன்ல காத்து இல்லீங்க. தண்ணி" என்றேன், கிண்டலாகத்தான்.

சொன்ன பிறகு கை நின்றுவிட்டது.

பச்சை இலையில் முக்கால்வாசி தண்ணீர். ஃபேக்டரிக்கு வந்ததும் முதல் வேலையே இலையைக் கம்பிவலைத் தட்டில் பரப்பிக் காற்று விட்டு வாட்டுவதுதான். ஈரம் இறங்கினால்தான் உருட்ட முடியும். அந்த வாட்டலை ஏன் இங்கே வந்து செய்ய வேண்டும்? பறித்த ஊரிலேயே, பறித்த அன்றே பரப்பிவிட்டால்? சாக்கு வேண்டாம். சூடேறாது. வண்டிக்கும் பாரம் குறையும்.

தாளிப்பு கருகிவிட்டது. இவருக்கும் வாடை தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

ஜூன் 17

எல்சா ஒரேயடியாக மறுத்தாள். கூடலூர்க்காரி, பதற்றம் வந்தால் மலையாளமும் சேர்ந்து வரும். "எண்ட சேச்சி, வாட்டறது டீ மேக்கர் வேலையல்லே? அதைப் போயி ஊர்க்காரங்க கையில குடுக்கறதா?"

நியாயம்தான். ஃபேக்டரியில் டீயின் பதத்துக்கே பொறுப்பான ஆள் டீ மேக்கர். ஆனால் நான் மட்டும் வயிற்றிலிருந்தே கற்றுக்கொண்டா வந்தேன்?

ஜூன் 23

எங்களுக்கு இலை போடும் தோட்டக்காரர்களில் ஒருவர் ஆயம்மாள் அக்கா. அவர் வீட்டில் பையன் திருப்பூருக்குக் குடி போன பிறகு ஓர் அறை சும்மா கிடக்கிறது. அதைக் கேட்கப் போனோம்.

அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தார். "ஏனுங்க அம்மிணி, எலையப் போட்டமா, காசு வாங்குனமான்னு இருந்தோம். இனி ஊட்டுக்குள்ள வெச்சு அதுக்குத் தாலாட்டும் பாடோணுங்களா?"

"வாட்டிக் குடுத்தா வெலை சேத்தித் தருவோங்க்கா."

"அது இருக்கட்டுங்க. கெட்டுப்போனா?"

"கெட்டா எங்க நட்டம்."

எல்சா என் காலை மிதித்தாள். நன்றாகவே மிதித்தாள்.

ஜூலை 5

கெட்டது.

ஜன்னலைத் திறந்து வைத்தால் காற்று வரும் என்று நினைத்தோம். வந்தது மஞ்சு, எங்கள் மலைப் பனிமூட்டம். தட்டில் பரப்பிய இலை வாடவே இல்லை, ஊறிக் கறுத்துவிட்டது. ஜூலை மாதத்துக் குந்தா மலையில் காற்றை நம்பினேனே, இங்கேயே பிறந்து வளர்ந்தவள்!

ஜூலை 9

அறைக்குள் விறகடுப்பு மூட்டினோம். இலை அழகாக வாடியது. உருட்டினோம், காய வைத்தோம், கலந்து குடித்தோம். கருவாடு! அவ்வளவு புகை. ஆயம்மாள் அக்கா ஒரு வாய் குடித்துவிட்டு வாசலுக்குப் போய்த் துப்பிவிட்டு வந்தார். 

போதும்டா சாமி. இவரு படிக்கிற புஸ்தகத்துல ஒருத்தனுக்காவது மழை பேஞ்சுதா? ஒருத்தனாவது கொட்டிப்போட்ட டீயைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தானா? எல்லாப் பயலும் ஒரு நாள் காத்தால எந்திரிச்சானாம், யோசனை வந்துச்சாம், உலகமே மாறிப்போச்சாம். நல்லா வாயில வருது.

ஜூலை 10

மழை. எழுத ஒன்றுமில்லை.

ஜூலை 14

ராஜசேகர் சார் குடோனுக்கே வந்தார். பழைய ஃபேக்டரியில் எனக்கு மேலே இருந்தவர், இப்போது அங்கே மேனேஜர். குடையை மடக்கி ஓரமாக வைத்துவிட்டு மெஷினைச் சுற்றிப் பார்த்தார். சிரிக்கவில்லை. அதற்காகவே அவர்மேல் மரியாதை.

"வேலை தெரிஞ்சவங்க நீங்க. உங்களுக்கு எதுக்கு இந்தப் பாடு? ரெண்டு பேரும் திரும்ப வந்துருங்க. டீ மேக்கர் போஸ்ட்டே தர்றேன் சுமலதா. இதுவரைக்கும் ஒரு லேடிக்கு நாங்க குடுத்ததில்லை."

டீ மேக்கர்! அந்த வார்த்தைக்காக அங்கே எத்தனை வருஷம் காத்திருந்தேன். கேட்டபோதெல்லாம் "நைட் ஷிப்ட் இருக்கேம்மா" என்று முடித்துவிடுவார்கள். இப்போது வாசல் தேடி வருகிறது.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவர் போன பிறகு எல்சா என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் போய்விடுவேன் என்று நினைத்திருப்பாள். நானும்தான் நினைத்தேன்.

ஜூலை 15

நிறுத்திக்கொள்ளலாம் என்று சொல்லத்தான் ஆயம்மாள் அக்கா வீட்டுக்குப் போனேன். அறை கழுவிக் கிடந்தது. தட்டுகளைத் தேய்த்துக் கவிழ்த்து வைத்திருந்தார். பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவரும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள்.

சொன்னேன்.

"நிறுத்தறதுன்னா நீங்க நிறுத்திக்கங்க" என்றார் அக்கா. "மொதத் தடவை ஈரத்துல கெட்டுது. ரெண்டாந் தடவை பொகையில கெட்டுது. இனி கெடறதுக்கு என்னங்க மிச்சமிருக்குது?"

எல்லாரும் சிரித்துவிட்டோம். எனக்குக் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரிப்பு.

கை கழுவப் பின்பக்கம் போனபோது குளியலறை பாய்லர் எரிந்துகொண்டிருந்தது. நெருப்பு உள்ளே, புகையெல்லாம் தகரக் குழாய் வழியாகக் கூரைக்கு மேலே. குழாயில் தெரியாமல் கை பட்டுச் சுட்டுவிட்டது. கையை உதறிக்கொண்டு அங்கேயே நின்றேன். அடுப்பு வெளியே இருக்கட்டும். குழாய் மட்டும் அறைக்குள் வந்து தட்டுகளுக்கு அடியில் ஓடட்டும். சூடு உள்ளே தங்கும், புகை மறுபக்கச் சுவர் வழியே போய்விடும். ஒரு ஃபேன் வைத்தால் வெதுவெதுப்பான காற்று இலைக்குள் ஏறும்!

நேரே பஜாருக்குப் போய், பாய்லர் அடிக்கிற காளிமுத்து அண்ணன் கடையில் உட்கார்ந்து படம் போட்டுக் காட்டினேன். "இத்தாப் பெரிய பாய்லர்ல யாருங்க்கா குளிக்கறது?" என்றார்.

ஜூலை 22

காளிமுத்து அண்ணன் குழாய் பொருத்திய அறையின் கதவைத் திறந்ததும் வாசனை. பச்சை வாடை போய், பழம் கனிந்ததுபோல, பூப்போல. கையில் அள்ளிப் பிடித்தால் பட்டுத் துணி மாதிரி மடங்குகிறது, ஒடியவில்லை. பெரிய ஃபேக்டரியில் இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு வாட்டலை நான் பார்த்ததில்லை. சாக்கையே பார்க்காத இலை.

உருட்டிக் காய வைத்துக் கலந்தோம். எல்சா குடித்தாள். கிளாஸைக் கீழே வைத்தாள். மறுபடி எடுத்துக் குடித்தாள்.

"சேச்சி, அந்த போஸ்ட்டுக்குப் போயிராதீங்க" என்றாள்.

ஆகஸ்ட் 2

கோயம்புத்தூர்க் கடைக்காரர்: "இது எந்தத் தோட்டத்து எலைங்க மேடம்? புதுசா?"

"அதே தோட்டந்தாங்க. அதே செடி."

 பிறகு எவ்வளவு அனுப்ப முடியும் என்று கேட்டார்.

ராஜசேகர் சாருக்குப் போன் செய்து வர முடியாது என்று சொன்னேன். "ஏம்மா, போஸ்ட் பிடிக்கலையா?" என்றார். "எங்க கம்பெனியிலயும் நான் அதே போஸ்ட்தாங்க சார்" என்றேன். என் குரல் எனக்கே பிடித்திருந்தது.

ஆகஸ்ட் 19

நேற்று மண் சரிந்து ரோடு அடைத்துவிட்டது. இன்று ஜே.சி.பி. வந்து ஓர் ஓரமாக ஆள் நடக்க மட்டும் வழி செய்து கொடுத்தது. இரண்டு பக்கமும் இலைச் சாக்குகள் நின்று நின்று அவிந்து, நாற்றமெடுக்கத் தொடங்கியிருந்தன. பாவம், யார் யாருடைய உழைப்போ.

எங்கள் வேன் இந்தப் பக்கம். ஆயம்மாள் அக்கா ஊர் அந்தப் பக்கம். போனது போகட்டும் என்று நான் மனதைத் தேற்றிக்கொண்டிருந்தபோது மண்மேட்டைத் தாண்டி வரிசையாகப் பெண்கள் வந்தார்கள். தலையில் கூடை, மேலே பிளாஸ்டிக் தாள். முன்னால் அக்கா.

"ராத்திரியே வாடிருச்சுங்க அம்மிணி. பதம் தப்பறதுக்குள்ள கொண்டாந்துட்டோம். பச்சையா இருந்தா இத்தனையத் தூக்கீட்டு வந்திருப்பமா? இப்ப என்ன கனக்குது, துணி மூட்டையாட்டந்தான்."

கூடைகளை ஒவ்வொன்றாக நானே வாங்கி இறக்கினேன். ரோடு அடைத்த மலையில் இன்று உருட்டு மெஷின் ஓடிய ஃபேக்டரி எங்களுடைய உருளைக்கிழங்கு குடோன்தான் என்று நினைக்கிறேன். வேறு எங்காவது ஓடியிருந்தாலும் எனக்குத் தெரிய வேண்டாம்.

ஜனவரி 11, 2025

ஆறாவது ஊரிலும் இலை வாட்டும் ஷெட் போட்டாகிவிட்டது. சொல்லிக்கொடுக்கப் போவது ஆயம்மாள் அக்காதான். நான் போனால் "சரிங்க மேடம்" என்கிறார்கள். அக்கா போனால் சண்டை போட்டுக் கற்றுக்கொள்கிறார்கள்.

முன்பெல்லாம் அக்கா "எலை போடறேன்" என்பார். இன்று யாரிடமோ போனில் சொல்லிக்கொண்டிருந்தார்: "நாங்க டீ பண்றோமுங்க."

மார்ச் 2

கோயம்புத்தூரிலிருந்து ஒரு கல்லூரிப் பேராசிரியை வந்திருந்தார். தொழிலின் போக்கை மாற்றிய சிறு கம்பெனிகளைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறாராம். நாங்களும் அதில் ஓர் அத்தியாயம்! எல்சா புதுச் சுடிதார் போட்டு வந்தாள். மஞ்சு, கருவாட்டு டீ, சுட்ட கை எல்லாவற்றையும் சொன்னேன். பேராசிரியை சிரித்துச் சிரித்துக் கேட்டார். இவர் பஸ்ஸை நிறுத்திவிட்டு யூனிஃபார்மோடு வந்து கதவோரம் நின்றுகொண்டிருந்தார். உள்ளே வாங்க என்றால் வரவில்லை.

மே 20

ராஜசேகர் சார் ஃபேக்டரிக்காரர்கள் ஊர்களில் ஷெட் கட்டுகிறார்கள். அதே தட்டு, அதே குழாய். காளிமுத்து அண்ணனிடமே ஆர்டர் கொடுத்திருக்கிறார்கள்.

எல்சா அழுதேவிட்டாள். எனக்கும் வயிறு எரிந்தது. நாம கைய சுட்டுக்கிட்டுக் கண்டுபிடிச்சதை அவன் நோகாம வாங்கிட்டுப் போறதா? ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?

இவரிடம் கொட்டித் தீர்த்தேன். சாப்பிட்டு முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "எவனும் காப்பியடிக்காத யோசனைய எந்தப் புஸ்தகத்துலயும் போட மாட்டான் லதா."

கோபமாகத்தான் இருந்தேன். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு வந்துவிட்டது.

மே 27

ராஜசேகர் சார் போன் செய்தார். குழாய் எந்தச் சரிவில் போக வேண்டும் என்று கேட்டார். கொஞ்சம் தயங்கித்தான் கேட்டார். சொல்லிக்கொடுத்தேன். அவர்கள் வாட்டுவதும் எங்கள் மலை இலைதானே.

செப்டம்பர் 14

புத்தகம் வந்துவிட்டது. எங்கள் அத்தியாயம் நடுவில். ஆயம்மாள் அக்கா கூடையோடு நிற்கும் படம். அக்கா ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "சேலைய மாத்தீட்டு வந்திருப்பனுங்களே" என்றார்.

போன வருஷ ஜூலை முழுவதையும் தேடினேன். "சில ஆரம்பகாலத் தடைகளைக் கடந்து" என்று இருக்கிறது. அவ்வளவுதான். நான்கு வார்த்தை! அப்படியானால் இவர் படித்த அந்தப் பெரிய கம்பெனிக் கதைகளிலும் அந்த நான்கு வார்த்தைக்குள் யார் யாரோ டீயைக் கொட்டிவிட்டு உட்கார்ந்திருந்திருப்பார்கள். வீணாகத் திட்டிவிட்டேன்.

இவர் புத்தகத்தை டூட்டிக்கு எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். ஊட்டி ஸ்டாண்டில் கண்டக்டர்களைக் கூட்டி வைத்து வாசித்தாராம். "எம் பொண்டாட்டி கம்பெனி" என்று சொன்னபோது குரல் உடைந்துவிட்டதாகக் கண்டக்டர் தனசிங் எனக்குப் போன் செய்து சொன்னார். இவரிடம் கேட்டேன். தூசி என்றார்.

பிப்ரவரி 8, 2026

குன்னூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பினேன். பஸ்ஸில் முன் சீட்டில் அதே கல்யாணத்துக்கு வந்த இரண்டு பெண்கள். தெரியாத முகங்கள். பேச்சைக் கேட்டால் ஜெகதளாப் பக்கம் போலிருந்தது. எங்கள் வேன் அந்தத் திசைக்கே போனதில்லை.

"எலைய ஷெட்டுல விரிச்சுட்டுத்தான வந்தே?" என்று பெரியவள் கேட்டாள்.

"விரிச்சாச்சுங்க்கா. இன்னிக்குத் தேவி மொறை, அவ பாத்துக்குவா" என்றாள் சின்னவள். கழுத்தில் தாலிக்கயிற்று மஞ்சள் இன்னும் போகவில்லை. "ஏனுங்க்கா, ஷெட் இல்லாதப்ப எலைய என்னதான் பண்ணுனாங்க?"

"சாக்குல கட்டி ரோட்டுல வெப்பாங்க."

"அய்யே, அவிஞ்சு போகாதுங்களா?"

"போகுந்தான். அதெல்லாம் அந்தக் காலம்" என்றாள் பெரியவள்.

அந்தக் காலம் என்றால் போன வருஷம்.

தோளைத் தொட்டுச் சொல்லிவிடலாமா என்று வாய்வரை வந்தது. அதற்குள் அவர்கள் பேச்சு கல்யாணப் பெண்ணின் சேலைக்குப் போய்விட்டது. நானும் எட்டிக் கேட்டுக்கொண்டே வந்தேன். நல்ல சேலைதான்.