மூன்று மணி ஐம்பது நிமிடம்

அப்பாவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதினால் பொய்யாகிவிடும். நம் வீட்டில் அந்தத் துறை உங்களுடையது, நான் தலையிடவில்லை.

அம்மாவின் ஆபரேஷனுக்குக் கூப்பிட்டபோது, "வர்றதுக்கே ஒண்ணரை நாள் ஆயிடும்டா" என்றீர்கள். நேற்று தேடிப் பார்த்தேன். உங்கள் விமான நிலையத்திலிருந்து எங்களுடையதற்கு 2,840 கிலோமீட்டர். நேரடி விமானம், மூன்று மணி ஐம்பது நிமிடம். ஒன்றரை நாளில் நீங்கள் நான்கு முறை வந்து திரும்பி, மிச்ச நேரத்தில் ஒரு தூக்கமும் போடலாம்.

உங்களை மாட்டிவிடும் குஷியில் போனை அம்மாவிடம் நீட்டினேன். அம்மா அதைப் பார்க்கவே இல்லை.

"எனக்கு மொதல்லேருந்தே தெரியும்டா. நீ அப்பாவைத் தப்பா நெனச்சிடக் கூடாதேன்னுதான் நானும் ரொம்ப தூரம்னு சொல்லிட்டிருந்தேன்" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு ஆபரேஷன். ஆஸ்பத்திரிப் படிவத்தில் 'உடனிருப்பவர்' என்ற இடத்தில் அம்மா உங்கள் பெயரை எழுதியிருந்தார். அதை அடித்துவிட்டுச் சித்தி பெயரை எழுதினேன். வருவதானால் வாருங்கள். பார்வையாளர் நேரம் மாலை நான்கிலிருந்து ஐந்து வரை.

இப்படிக்கு,
அம்மாவின் மகன்