நீ எழுதியதை அம்மா படித்தாள்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான் சுகம், அம்மாவும் உடம்பளவில் சுகம்தான், ஞாபகம்தான் நாளுக்கு நாள் கரைகிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டிப்பெண்ணும் சுகமாயிருக்க வேண்டும். குளிர் அதிகம் என்றாயே, குழந்தைக்குக் காதை மூடிவிடு. சமையலறைக் கூரையில் ஒழுகல் ஒருவழியாக நின்றது, நான் நச்சரித்த நச்சரிப்பில் மேல்வீட்டுக்காரரே ஆளைக் கூட்டிவந்துவிட்டார்.

அம்மாவை அந்த முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடலாம் என்று நீ எழுதிய கடிதம் கிடைத்தது. சோப்புக்கும் மெத்தைக்கும் விளம்பரம் எழுதியே காலம் தள்ளியவனுக்கே விளம்பரம் எழுதுகிறாயே, கெட்டிக்காரிதான் போ. பழக்கம் விடவில்லை, சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்துவிட்டேன். "எந்த மகளாவது இதை ஆசைப்பட்டுச் செய்வாளா?" என்ற இடத்தில் ஒரு கோடு, பதிலைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கிற கேள்வி அது. "பாதுகாப்பு, பராமரிப்பு, பாசம்" என்று மூன்றாக அடுக்கியிருக்கிறாய், மோனை பிரமாதம், மெத்தைக்கு நானும் இப்படித்தான் அடுக்கினேன். கேஸ் அடுப்பை அணைக்காமல் விட்ட கதையை முதலில் சொல்லி வயிற்றில் புளியைக் கரைத்துவிட்டு, அப்புறம் தோட்டம், ஜன்னல், வெயில் என்று தடவிக்கொடுக்கிறாய். வரிக்கு வரி "நாம்" என்கிறாய், என்னையும் உன் கட்சியில் சேர்த்துக்கொள்ளத்தானே. ஆனால் கடிதம் முழுக்கத் தேடினேன், அம்மா என்ற வார்த்தை ஓர் இடத்தில்கூட இல்லை, "நோயாளி", "அவர்" என்றுதான் வருகிறது. பேசுவது என் மகளா, அந்த இல்லத்து மேனேஜரா என்று ஓரத்தில் எழுதினேன். கோபம்தான், மறைப்பானேன்.

அதை மேஜையிலேயே போட்டுவிட்டுக் குளிக்கப் போனது என் புத்திகெட்டத்தனம். வந்து பார்த்தால் அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்துக்கொண்டிருக்கிறாள். பிடுங்க எனக்கு மனசு வரவில்லை. முடித்ததும் மடித்து வைத்தாள், கண்ணெல்லாம் தண்ணீர். யாருங்க இந்தம்மா, ஐயோ பாவம், அவங்க வீட்டுக்காரர் ஒத்தை ஆளா எத்தனை நாளைக்குத்தான் சமாளிப்பார், பேசாம சேர்த்துடச் சொல்லுங்க, பொண்ணு எவ்வளவு அக்கறையா எழுதியிருக்கு பாருங்க என்றாள். சரி, சொல்கிறேன் என்றேன்.

ஆக, நீ எழுதியது ஜெயித்துவிட்டது கண்ணு. எனக்கும் முடியவில்லை என்பது நிஜம்; போன வாரம் குளியலறையில் வழுக்கியவளைத் தூக்க முடியாமல் நானும் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அதனால் மாட்டேன் என்று சொல்லவில்லை. கையெழுத்துப் போடுவதற்கு முன் நீ ஒரு நடை வந்து போ, அவ்வளவுதான் கேட்கிறேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அம்மா, உன்னைத்தான் சொல்கிறேன் என்று உன் வாயால் சொல்லு. புரியாமல் போனாலும் பரவாயில்லை. இன்னொருத்திக்காக அவள் கொடுத்த சம்மதத்தை வைத்துக்கொண்டு அவளை வீட்டைவிட்டு அனுப்ப என்னால் ஆகாது.

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்லு, குழந்தைக்கு என் முத்தம். டிக்கெட் போட்டதும் மறக்காமல் தகவல் சொல்லு. நோய்நொடி அண்டாமல் நிறைவாக இருங்கள். அம்மாவும் ஆசி எழுதச் சொன்னாள். அந்தக் கடிதம் எழுதின பொண்ணு, அது யாரு பெத்த பொண்ணோ, நல்லா இருக்கணும் என்றாள்.

இப்படிக்கு,
உன் அப்பா