பதினோராம் வகுப்பின் சமூக சேவை

1970 பிப்ரவரி 2, திங்கள்

பனி. எட்டு மணிக்கும் விளையாட்டுத் திடல் தெரியவில்லை. கணக்கு டெஸ்ட் மோசம்.

பிரேயரில் ஹெச்.எம். அறிவிப்பு: புதன்கிழமை பதினோராம் வகுப்பு முழுவதும் சமூக சேவை. எங்கே? பெரிய பண்ணையின் வயலில், நெல் அறுப்பு. பெரிய பண்ணைதான் பள்ளிக் கமிட்டித் தலைவர். கூலி உயர்வு கேட்டு அவருடைய ஆட்கள் பொங்கல் கழிந்ததிலிருந்து வேலைநிறுத்தம். இதற்குப் பெயர் சேவையாம்.

பிறகுதான் வேடிக்கை. அவ்வளவு நிலம் உள்ள வீட்டில் ஒரு அரிவாள் இல்லை! அறுக்க வருகிறவர்கள்தான் அவரவர் அரிவாளோடு வருவார்கள். பண்ணைக்கு வாங்கி வைக்கத் தேவையே வந்ததில்லை.

ஹெச்.எம். கலியமூர்த்தியைக் கூப்பிட்டார். கலி என் பெஞ்சு. அவன் அப்பா, அம்மா இருவரும் அந்தப் பண்ணை ஆட்கள். இப்போது வேலைநிறுத்தத்தில்.

"உங்க தெருவுல வீட்டுக்கு வீடு இருக்குமேடா. முப்பது அரிவாள் கொண்டாந்துடு."

"தர மாட்டாங்க சார்."

"அப்ப ஹால் டிக்கெட்ட நானும் தர மாட்டேன்."

பண்ணை மகன் ராஜகோபால், எங்கள் வகுப்புத் தலைவன், தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

கலி பாஸ் செய்தால் அந்தத் தெருவில் முதல் எஸ்.எஸ்.எல்.சி.

3, செவ்வாய்

சைக்கிள் பஞ்சர். வெள்ளிக்கிழமை பிரிவுபசார விழாவில் வகுப்பின் சார்பில் நான் பேச வேண்டும். தலைப்பு: 'ஆறாண்டு நினைவுகள்'. எழுதிப் பார்த்தது:

ஆறாம் வகுப்பு. தண்ணீர்ப் பானை. நாங்கள் டம்ளரில். கலி கை குவித்து நிற்பான், பியூன் ஊற்றுவார். அதே வருடம் மொழிப் போராட்டம், ஊர்வலம். ராஜகோபால் கலியின் தோளில் கை போட்டுக்கொண்டு கோஷம்.

எட்டாம் வகுப்பு. ஆட்சி மாறியது. லட்டு கொடுத்தார்கள். பானை அப்படியே.

கிழித்துவிட்டேன். இதையெல்லாம் யார் கேட்பார்கள்.

சாயங்காலம் கலி வீடு. அவன் அப்பா, "வாங்க தம்பி. உங்க பள்ளிக்கூடத்துல அரிவாளும் பாடமா?" என்று சிரித்தார். பிறகு மெதுவாக, "குடுத்துத் தொலைச்சுடலாம். புள்ள பரிச்சை எழுதணும்."

யாரும் திருட்டுத்தனமாக அறுக்கப் போகக் கூடாதென்று தெருவின் அரிவாள் எல்லாம் இவர்கள் வீட்டில்தான் சாக்கில் கட்டி வைத்திருக்கிறது. கலியின் அம்மா அந்தச் சாக்கின் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

"நம்மள நம்பித்தானே கொண்டாந்து வச்சாங்க? இத தூக்கிக் குடுத்துட்டு நாளைக்கு யார் மூஞ்சில முழிப்ப?"



4, புதன்

நாங்கள் முப்பது பேர் வரப்பில். ரோட்டில் போலீஸ் வேன். எதிர் வரப்பில் அந்தத் தெருப் பெண்கள். கலி வந்தான், வெறுங்கையோடு.

"எங்கடா?"

"இல்ல சார்."

அவ்வளவுதான். நெல் முற்றிச் சாய்ந்து கிடக்கிறது. ஹெச்.எம். வயலைப் பார்க்கிறார், எங்களைப் பார்க்கிறார். எதிர் வரப்பிலிருந்து ஒரு குரல்: "நகத்தால கிள்ளிப் பாருங்க சாரு!"

எல்லோரும் சிரித்தோம். கலி மட்டும் சிரிக்கவில்லை.

5, வியாழன்

ஹால் டிக்கெட் கொடுத்தார்கள். கலியின் பெயரைத் தாண்டிப் போனார்கள். ஏன் என்று ஒருவனும் கேட்கவில்லை. நானும்தான். கலி இன்று வரவில்லை. வீட்டில் அவரைக் குழம்பு. சாப்பிடப் பிடிக்கவில்லை.

6, வெள்ளி

விழா. மேடையில் பெரிய பண்ணைக்கு ரோஜா மாலை. ஒவ்வொருவனாக "பசுமையான நினைவுகள்" என்றான். என்ன பசுமை! என் முறை. கிழித்த பிறகு புதிதாக எழுதி வைத்திருந்த தாளை எடுக்கவே இல்லை.

"ஆறு வருடம் எங்களோடு படித்தவனுக்கு ஹால் டிக்கெட் இல்லை. அரிவாள் கொண்டு வராததுதான் அவன் செய்த குற்றம். எங்கள் வகுப்புக்கு வேறு நினைவு வேண்டாம்."

உட்கார்ந்தேன். கடைசி வரிசையில் கைத்தட்டல். ஹெச்.எம். மைக்கில், "காபி குடுங்கப்பா" என்றார்.

குடிக்காமல் வந்துவிட்டேன். வழியெல்லாம் நெஞ்சு நிமிர்ந்திருந்தது.

8, ஞாயிறு

கலி வந்தான். உள்ளே வா என்றேன். வரவில்லை. வாசலில் நின்றபடியே:

"யாருடா உன்னப் பேசச் சொன்னா?"

தமிழய்யா வியாழக்கிழமையே ஹெச்.எம்.மிடம் கெஞ்சிச் சம்மதிக்க வைத்திருந்தாராம். விழா முடிந்ததும் சத்தமில்லாமல் டிக்கெட்டைக் கொடுத்துவிடுவதாக ஏற்பாடு. கலி ஆபீஸ் அறைக்குப் பின்னால் காத்துக்கொண்டு நின்றிருக்கிறான். நான் பேசியதும் ஹெச்.எம்., "இப்பக் குடுத்தா பயந்து குடுத்ததா ஆயிடும்" என்று சொல்லிவிட்டார்.

இனி ஒரே வழிதான் என்றாராம் ஹெச்.எம். நாளை பிரேயரில், எல்லோர் முன்னாலும், நான் பேசியது பொய் என்று நானே சொல்ல வேண்டும்.

"பொய் இல்லையேடா."

"அது எனக்குத் தெரியாதா?"

கொஞ்சம் தள்ளிப் போனவன் திரும்பினான். "நீ பெயிலானா உங்கப்பா தாலுகா ஆபீஸ்ல எங்கயாச்சும் சொருகிடுவாரு. நான் எங்கடா போவேன்?"

9, திங்கள்

வெயில். பெரிய பண்ணை வயலில் இன்னும் அறுப்பு இல்லை.

சொன்னேன். "வெள்ளிக்கிழமை நான் பேசியதில் உண்மை இல்லை. தலைமையாசிரியர் அவர்கள் மன்னிக்க வேண்டும்." குரல் நடுங்கவே இல்லை. அதுதான் எரிச்சல். ஹெச்.எம். தலையசைத்தார். வரிசைகள் கலைந்தன.

கலி ஆபீஸ் அறையிலிருந்து வந்தான். ஹால் டிக்கெட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்து, பைக்கு ஊக்குக் குத்தினான். என் பக்கத்தில் வந்ததும் நின்றான்.

"வெள்ளிக்கிழமைய விட இன்னிக்கு நல்லாப் பேசுனடா."