பிப்ரவரியில் குட்டி போடும் பன்றிகள்

ஆகஸ்ட் 9

என் தங்கப் பாப்பாவுக்கு,

அப்பா நலம். நீ மூன்று மாதம் என்று எழுதியதைப் படித்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிப்ரவரியில் பிரசவத்துக்குக் கட்டாயம் வந்துவிடுவேன்.

இங்கே ஆடியிலும் வெயில் மண்டையைப் பிளக்கிறது. தாய்ப் பன்றிகள் ஒன்பதும் தீவனத்தை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்கின்றன. ஒன்றும் சினை பிடிக்கவில்லை. பிடித்தாலும் வெயில் காலச் சினைக்கு ஆறேழு குட்டிதான். நம் ஆண் பன்றி பெரியவரோ ஓய்வு பெற்றவர் மாதிரி ஈரத்தில் கிடக்கிறார். பக்கத்துக் கோழிப்பண்ணைக்காரர் தினமும் வந்து துக்கம் விசாரித்துவிட்டுப் போகிறார்.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். வெயிலில் அலையாதே.

அப்பா


ஆகஸ்ட் 30

அன்புள்ள அப்பாவுக்கு,

எனக்கு நாலு வரி, பன்றிகளுக்கு ஒரு பக்கம். பழகிப்போய்விட்டது.

கூரையில் ஈரச் சாக்கு போடுங்கள். பெரியவருக்கும் தண்ணீர் அடியுங்கள். வெயிலில் வாடின ஆண் பன்றி தேறி வர ஒன்றரை மாதம் ஆகும் என்று நீங்கள்தானே சொல்வீர்கள்?

நான் கண்ணாடிக் கடைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். மூக்குக் கண்ணாடி மாட்டிப் பார்க்க வருகிறவர்களின் தலையெண்ணெய் வாசனைதான் குமட்டுகிறது. உங்கள் மாப்பிள்ளை தங்கமானவர், ஆனால் ரத்தத்தைப் பார்த்தால் சாய்ந்துவிடுவார். அம்மா இல்லாத எனக்கு நீங்கள்தான் கூட இருக்க வேண்டும்.

உங்கள் பாப்பா


நவம்பர் 20

பாப்பா,

கோபித்துக்கொள்ளாதே. அக்டோபரில் காற்று குளிர்ந்ததும் பன்றிகள் எல்லாம் ஒரே வாரத்தில் பருவத்துக்கு வந்து, ஒரே வாரத்தில் சினையாகிவிட்டன. பிப்ரவரி இரண்டாம் வாரம் ஒன்பதும் குட்டி போடும். குளிர்ச் சினை வேறு, ஒவ்வொன்றும் பத்து பன்னிரண்டு போடும். தாய் புரண்டு படுத்தால் குட்டி நசுங்கிவிடும், ஆள் வேண்டும். உன் நாளும் அதே வாரமாக அமைந்துவிட்டது. எல்லாம் இந்தப் பாழும் வெயில் செய்த வேலை. உன் நாத்தனாரை வரச் சொல்லேன். குழந்தைக்கு ஒரு மாதம் ஆனதும் ஓடி வருகிறேன்.

அப்பா


டிசம்பர் 5

அப்பா,

நான் பன்றிப் பண்ணையில் வளர்ந்தவள். என்னிடமே கதை விடுகிறீர்களா?

எல்லாம் ஒன்றாகப் பருவத்துக்கு வந்தது வெயிலால்தான், ஒத்துக்கொள்கிறேன். பெரியவரைத் திறந்துவிட்டது யார்? அந்த வாரம் சேர்க்காமல் இருந்திருந்தால் மூன்று வாரத்தில் மறுபடி பருவத்துக்கு வந்திருக்கும். மார்ச்சில் குட்டி போட்டிருக்கும். எந்த நாளில் சேர்த்தால் எந்த நாளில் போடும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வீர்கள். என் தேதி தெரிந்துதான் சேர்த்திருக்கிறீர்கள்.

முதலில் அழுதேன். அப்புறம் புரிந்தது. தம்பியைப் பெற ஆஸ்பத்திரிக்குப் போன அம்மா, தம்பியோடு அங்கேயே போய்விட்டாள். அன்றிலிருந்து நீங்கள் எந்த ஆஸ்பத்திரிப் படியும் ஏறவில்லை. உங்கள் பல்லைக்கூட மாட்டு டாக்டர்தானே பிடுங்கினார்?

எனக்கும் பயமாக இருக்கிறது அப்பா. அதனால்தான் கூப்பிடுகிறேன்.

பாப்பா


டிசம்பர் 19

என் கண்ணே,

உன்னிடம் ஒன்றையும் மறைக்க முடியாது. பெரியவரின் கதவைத் திறக்கும்போதே கணக்குத் தெரியும். மனசு அறிந்துதான் திறந்தேன். கொட்டகையில் எது கோணலானாலும் என்னால் கை கொடுக்க முடியும். அங்கே வெளியே நின்று கதவைப் பார்த்துக்கொண்டிருக்க மட்டும்தான் விடுவார்கள். இன்னொரு தடவை நிற்க எனக்குத் தெம்பு இல்லை என்று நினைத்தேன்.

கோழிப்பண்ணைக்காரரிடம் சொன்னேன். "பன்னிக்குக் குட்டி போடத் தெரியாதா? நீ என்ன மருத்துவச்சியா? நான் பாத்துக்கறேன், போய்ட்டு வாய்யா" என்றார். அவருக்குக் கோழிதான் தெரியும். நாலு குட்டி நசுங்கும். நசுங்கட்டும், எனக்கு நீதான் முக்கியம்.

ஜனவரி கடைசியில் வருகிறேன். ஆஸ்பத்திரி வாசலில் கையைப் பிடித்து மெதுவாக உள்ளே கூட்டிப்போக வேண்டும் என்று மாப்பிள்ளையிடம் சொல்லி வை. உன்னை இல்லை, என்னை.

அப்பா