நடந்து வந்தவர்

தை 9, வியாழன்

நான் ஆட்களைக் கூட்டிப்போகும் மூன்று நாள் குதிரைப் பயணத்தில் இன்று இரண்டாம் நாள். சென்னையிலிருந்து மனைவியோடு வந்திருக்கும் அந்த ஆள், திண்ணனூர் நாட்டு மலை ஏற்றத்தில் என் குதிரை பவளத்தைக் குச்சியால் அடித்தார். களைத்துப்போய் நின்றதுதான் அவள் செய்த குற்றம். கடிவாளத்தை வெடுக்கென்று இழுத்ததில் அவள் வாயோரம் கிழிந்து ரத்தம் வந்தது.

"எறங்குங்க சார்," என்றேன்.

"எறங்கிட்டு?"

"நடந்து வாங்க. என்ற குதிரை இனி உங்களைச் சுமக்காதுங்க."

கத்திக்கொண்டே இறங்கினார். பவளத்தின் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு என் குதிரையில் ஏறிவிட்டேன். வெகுதூரம் போய்த் திரும்பிப் பார்த்தபோது, மிளகுத் தோட்டத்து வளைவில் இடுப்பில் கை வைத்து, மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். பாவமாக இருந்தது. குதிரையை நிறுத்தப் போனேன்.

பக்கத்துக் குதிரையில் வந்த அவர் மனைவி, திரும்பிப் பார்க்காமலே சொன்னார்:

"நிக்காதீங்க. போயிட்டே இருங்க."

ஏன் என்று நான் கேட்கவில்லை. நிற்காமலே போனோம்.

இருட்டிய பிறகுதான் வந்து சேர்ந்தார். இப்போது பக்கத்துக் கூடாரத்தில் கால் வலியில் முனகிக்கொண்டிருக்கிறார். என் பையில் தைலம் இருக்கிறது. பவளம் இன்னும் கொள்ளில் வாய் வைக்கவில்லை. அவள் தின்னட்டும், பிறகு தருகிறேன்.