அடுப்புக்கு முன்னால ஒரு சுவர்

ஒக்டோபர், செவ்வாய் இரவு

நித்திரை வரேல்லை. சிவம் அண்ணை இண்டைக்குப் புல்வெளியில நிண்ட நிலைதான் கண்ணுக்குள்ள நிக்குது.

சுவிஸில, இன்டர்லாக்கன் ஹோட்டல் ஒண்டுக்குக் கீழ, யன்னலே இல்லாத குசினியில இருபத்தெட்டு வருசமாச் சமைக்கிறவர். "நோர்வேயில தம்பியின்ர வீடு மாதிரி, மரமும் கண்ணாடியுமா ஒண்டு கீறித் தாரும் பிள்ளை" எண்டு, வீட்டுப் பிளான் கீறுற என்னட்டை வந்தவர். கீறினன். ஹோலுக்குள்ள நிண்டால் ஏரி முழுக்கத் தெரியும்.

இஞ்ச கட்டுறதுக்கு முதல் வீட்டின்ர அளவை ஊருக்குக் காட்டக் காணியில கம்பம் நடவேணும். இண்டைக்கு அந்தக் கம்பங்களுக்குள்ள அவரைக் கூட்டிக்கொண்டு போனன்.

"அடுப்பு எங்க வருது?"

காட்டினன். அங்க போய் நிண்டு, இல்லாத சட்டியைக் கிண்டிப் பார்த்தார். ஏரி அவருக்கு முதுகுப் பக்கம் கிடந்தது.

"எனக்கு முன்னால என்ன வரும்?"

"சுவர் அண்ணை."

"ஓம், அது பழகினதுதானே" எண்டு சிரிச்சார். ஒரு குறையும் சொல்லேல்லை. அதுதான் தாங்கேலாமல் கிடக்கு.

சஞ்சிகைப் படங்களைப் பார்த்துப் பார்த்து ஏரியைச் சோபாவுக்குக் குடுத்திட்டன். அந்த மனுசன் எப்ப சோபாவில இருந்தவர்?

குசினியை ஏரிப் பக்கம் கொண்டுவந்தால் கூரையும் மாறும். அனுமதிக்குத் திரும்ப விண்ணப்பிக்கவேணும், கம்பங்களையும் பிடுங்கி நடவேணும். என்ர முதலாளி கத்துவார். கத்தட்டும்.

இப்பதான் பிளானில அந்தச் சுவரை அழிச்சன். அடுப்புக்கு நேர ஏரி. சோபாவுக்குத்தான் இடம் சரிவரேல்லை.

அது சுவரைப் பார்க்கட்டும்.